பழைய பேட்டரிக் கொட்டகை மண்ணில் ஈயம்: கிரிகிங் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி இதுதான். நாகர்கோவில் பக்கம் எம்.எஸ்சி. படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்த ஒரு கொட்டகை, மூடிப் பல வருடம் ஆகிறது. சுற்றிலும் தென்னை, வாழை, கொஞ்சம் வீடுகள், ஓரமாகப் பழையாற்றுக்குப் போய்ச் சேருகிற ஒரு வாய்க்கால். 28 இடத்தில் மண் எடுத்து ஈயம் பார்த்திருக்கிறார். அதில் 19 காம்பவுண்டுக்கு உள்ளே, 9 வெளியே. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐடிடபிள்யூ (தூரத்துக்கேற்ற எடை போட்டு இடைப்பட்ட இடங்களை நிரப்புகிற முறை) போட்டு ஒரு வண்ணப் படமும் எடுத்தாயிற்று. வழிகாட்டி "கிரிகிங் பண்ணு, அதுதான் முறை" என்கிறார்; அளந்த இடங்களை வைத்து அளக்காத இடத்து மதிப்பை ஊகிக்கிற புள்ளியியல் முறை அது. ஊர்க்காரர்களோ "எங்க விளையில உள்ள மண்ணு கொள்ளாமா, கொள்ளாதா, அத மட்டும் சொல்லு" என்கிறார்கள், அதாவது மண் நல்லதா இல்லையா என்று. இன்னும் 40 மாதிரி எடுக்கப் பணம் இருக்கிறது, எங்கே எடுப்பது, எப்படிச் செய்வது?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இந்த 28-ஐ மட்டும் வைத்து கிரிகிங் செய்தால் படம் இன்னும் வழுவழுப்பாக வரும், அவ்வளவுதான், உண்மைக்கு நெருங்கி வராது. வெளியே வெறும் 9 இடத்தில் மண் எடுத்துவிட்டு அங்கே இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு எந்த முறையாலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் கிரிகிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐடிடபிள்யூ தராத ஒன்றை அது தருகிறது: ஒவ்வொரு இடத்திலும் "இவ்வளவு இருக்கலாம்" என்பதோடு "இதை எவ்வளவு நம்பலாம்" என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறது. உங்களுக்கு முக்கியம் அந்த இரண்டாவது விஷயம்தான். அடுத்த மாதிரியை எங்கே எடுப்பது, யாரிடம் "பயமில்லை" என்று சொல்லக்கூடாது, இரண்டுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

ஐடிடபிள்யூ பக்கத்துப் புள்ளிக்கு அதிக எடை, தூரத்துப் புள்ளிக்குக் குறைந்த எடை என்று வைத்து ஒரு சராசரி போடுகிறது, அதைத் தாண்டி ஒன்றுமில்லை. எத்தனை மீட்டர் வரை ஒரு இடத்து மண் இன்னொரு இடத்து மண்ணைப்போல் இருக்கும் என்று அது உங்கள் தரவைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே இல்லை, மென்பொருளில் 2 என்று ஒரு அடுக்கு இருக்கும், அதை அப்படியே எல்லோரும் விட்டுவிடுகிறோம். உங்கள் படத்தில் ஒவ்வொரு உயர்ந்த புள்ளியைச் சுற்றியும் வட்டவட்டமாகச் சிவப்பு வந்திருக்கிறதே, அது மண்ணில் இருக்கிற வட்டம் இல்லை, கணக்கு போட்ட வட்டம். இன்னொன்று, காம்பவுண்டுக்குள் நெருக்கி நெருக்கி எடுத்த 19 மாதிரியும் தனித்தனியாக எடை பெற்று வெளியே இருக்கிற வீடுகளின் மதிப்பையும் தூக்கிவிடும். கிரிகிங்கில் நெருங்கி இருக்கிற மாதிரிகள் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்கின்றன என்பது கணக்கிலேயே அடங்கிவிடும், அவற்றின் எடை தானாகக் குறையும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் இப்படி என்பது புரியும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த டேனி கிரிகே 1951-ல் ஒரு விஷயத்தைக் கணக்கோடு காட்டினார்: மாதிரியை வைத்துப் "பணக்காரப் பாறை" என்று குறித்த பகுதிகளைத் தோண்டினால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் தங்கம் கிடைக்கிறது, "ஏழைப் பாறை" என்று ஒதுக்கிய இடத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் இருக்கிறது. 1960-களில் பிரான்சின் ஜார்ஜ் மாதரான் இதற்கு முழுக் கணித அடித்தளம் போட்டு, கிரிகே பெயரையே முறைக்கும் வைத்தார். தங்கத்துக்குப் பதில் ஈயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பிரச்சினை அப்படியே அதுதான். ஒரே ஒரு மாதிரியில் 3,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3,000 பங்கு) வந்தது என்பதற்காக அந்த 5 சென்ட் முழுதும் 3,000 இல்லை, ஒரு மாதிரியில் 40 வந்தது என்பதற்காக அந்த 5 சென்ட் முழுதும் சுத்தமும் இல்லை.

சரி, வேரியோகிராமுக்கு வருவோம். தூரம் கூடக்கூட மண் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டுகிற வரைகோடு அது, கிரிகிங் எடை போடுவது அதை வைத்துத்தான். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது, படம் போடுவது கடைசி அஞ்சு நிமிஷம். உங்களிடம் 28 மாதிரி என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 378 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் இடைப்பட்ட தூரம், இரண்டு மதிப்புகளின் வித்தியாசம், அதன் வர்க்கம், அதில் பாதி. பிறகு 0 முதல் 20 மீட்டர் வரை உள்ள ஜோடிகள், 20 முதல் 40 வரை உள்ளவை என்று பிரித்துச் சராசரி எடுத்துத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் வேரியோகிராம். பக்கத்துப் பக்கத்து மண் ஒன்றுபோல் இருந்தால் கோடு கீழே ஆரம்பிக்கும், தூரம் கூடக்கூட ஏறும், ஒரு தூரத்துக்கு அப்புறம் மட்டமாகிவிடும். மட்டமாகிற உயரத்துக்குப் பெயர் "சில்", மட்டமாகிற தூரம் "ரேஞ்ச்", தூரம் சுழியமாகும்போதும் மீதி நிற்கிற உயரம் "நக்கெட்". ரேஞ்ச் 60 மீட்டர் என்று வந்தால், 100 மீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி உங்கள் வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம், படத்தில் என்ன நிறம் வந்திருந்தாலும் சரி. நக்கெட் கிட்டத்தட்ட சில் உயரத்துக்கு வந்துவிட்டால் கிரிகிங் வெறும் சராசரியைத்தான் திருப்பித் தரும், அப்போது அழகான வளைவுகளைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஈய மதிப்பில் இந்தக் கணக்கு எப்படிக் கவிழ்கிறது என்று கையால் போட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் 60, இன்னொரு இடத்தில் 90. வித்தியாசம் 30, வர்க்கம் 900, பாதி 450. இப்போது 60-க்குப் பக்கத்தில் கசடு கொட்டின இடத்தில் 2,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2,840, வர்க்கத்தில் பாதி 40 லட்சத்துக்கு மேல். அந்த ஒரு மாதிரி 27 ஜோடியில் வரும், அது எந்தெந்தத் தூரக் கட்டத்தில் விழுகிறதோ அங்கெல்லாம் வேரியோகிராம் வானத்துக்குப் போகும், மற்ற 27 மாதிரி சொல்வது எதுவும் தெரியாது. மடக்கை (லாக்) எடுத்துப் பாருங்கள்: முதல் ஜோடி 0.08, இரண்டாவது 7.5. இப்போதும் பெரிய வித்தியாசம்தான், ஆனால் மற்றவற்றின் குரலும் கேட்கிறது. மாசுத் தரவு அநேகமாக எப்போதும் இப்படி ஒரு பக்கம் வால் நீண்டுதான் இருக்கும், அதனால் மடக்கையில் வேலை செய்வது வழக்கம். திரும்பப் பிபிஎம்முக்கு மாற்றும்போது மட்டும் கவனம். வெறுமனே அடுக்கேற்றினால் கிடைப்பது இடைநிலை மதிப்பு, சராசரி இல்லை. சராசரி வேண்டுமென்றால் கிரிகிங் மாறுபாட்டில் (மதிப்போடு சேர்ந்து வருகிற சந்தேக அளவு) பாதியைச் சேர்த்த பிறகு அடுக்கேற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈயத்தின் அளவைக் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். உயர்ந்த மதிப்பைப் "பிழை" என்று தூக்கி எறிகிறவர்களும் உண்டு. பேட்டரிக் கொட்டகையில் 2,900 பிழை இல்லை, நீங்கள் தேடிப் போனதே அதைத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் தரவில் இருக்கிறது. காம்பவுண்டுக்கு உள்ளே ஈயம் வந்த வழி வேறு, வெளியே வந்த வழி வேறு. உள்ளே பேட்டரி உடைத்த இடம், அமிலம் கொட்டின இடம், உலைக் கசடு குவித்த மூலை என்று திட்டுத்திட்டாக இருக்கும், 3 மீட்டருக்குள் 10 மடங்கு மாறும். வெளியே புகையோடு போய்ப் படிந்தது, அது மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். இந்த இரண்டையும் ஒரே வேரியோகிராமில் போட்டால் உள்ளே இருக்கிற 19 மாதிரியின் முரட்டுத்தனம் வெளியிலும் ஏறிவிடும். அதனால் இரண்டு பகுதியாகப் பிரித்துவிடுங்கள். உள்ளே கிரிகிங்கே தேவையில்லை என்பது என் கருத்து. அங்கே எடுத்த வரைக்கும் போதும், அந்த மண் முழுக்க அப்புறப்படுத்த வேண்டிய மண் என்றே வைத்துக்கொள்ளலாம், ஆழம் மட்டும் பாருங்கள். உங்கள் உழைப்பும் மீதிப் பணமும் வெளியே போக வேண்டும், ஏனென்றால் ஆட்கள் இருப்பது அங்கேதான்.

பிரிப்பதைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். செம்மண் விளை, வயல் களிமண், கடற்கரை மணல் மூன்றும் இங்கே சில கிலோமீட்டருக்குள் மாறிமாறி வரும், இயற்கையாகவே ஈயத்தின் அளவு மூன்றிலும் ஒன்றாக இருக்காது. மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்துக் கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் 8, 9 சதவீதம் தோரியம் ஆக்சைடு. தோரியம் சிதைந்து கடைசியில் ஈயமாகத்தான் நிற்கும். ஏறத்தாழ 50 கோடி வருடம் பழைய தாது என்பதால் மோனசைட்டில் சுமார் 0.2 சதவீதம் ஈயம் சேர்ந்திருக்கும் என்று சிதைவு வேகத்தை வைத்துக் கணக்குப் போடலாம், அதாவது மணலில் நூற்றில் ஒரு பங்கு மோனசைட் இருந்தால் அதனாலேயே 20 பிபிஎம் வரும். யாராவது முற்றத்தில் கடற்கரை மணல் கொண்டுவந்து கொட்டியிருந்தால், அந்த வீட்டு அளவில் ஒரு பகுதி கொட்டகையிலிருந்து வந்ததே இல்லை. ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்துப் பார்க்கிற ஆய்வகத்தில் மோனசைட் பெரிதாகக் கரையாது, எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கிற எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி அதையும் சேர்த்துப் பார்க்கும். அதனால் ஒரே மண்ணுக்கு இரண்டு எண் வரலாம். எக்ஸ்ஆர்எஃப் என்றால் தோரியம் அளவையும் குறித்து வையுங்கள், அது உயர்ந்து நிற்கிற இடத்தில் ஈய எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள். மண்வகையைக் குறிக்க அட்டவணையில் தனி நெடுவரிசை கட்டாயம்.

இனி 40 மாதிரி. முதல் விதி, ஒரு வீட்டைப் பற்றிக் கேள்வி என்றால் அந்த வீட்டிலேயே மண் எடுங்கள். எந்தக் கிரிகிங்கும் ஒரு நேரடி மாதிரிக்கு ஈடாகாது. கொட்டகையைச் சுற்றி 300 மீட்டர் என்று வைத்தால் 28 ஹெக்டேர், அதில் 24 மாதிரியைச் சீராகப் பரப்பினால்கூட 100 மீட்டருக்கு ஒன்றுதான் விழும், நடுவே எத்தனையோ 5 சென்ட் வீடுகள் தப்பிப்போகும். அதனால் மிக அருகில் உள்ள வீடுகளின் முற்றம், குழந்தைகள் விளையாடுகிற இடம், அங்கன்வாடி இருந்தால் அதன் வளாகம், இவற்றை முதலில் நேரடியாக எடுத்துவிடுங்கள், மீதியைச் சீராகப் பரப்புங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு 24 என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் 8 மாதிரி, ஏற்கெனவே எடுத்த புள்ளிகளுக்கு 2 மீட்டர், 5 மீட்டர், 15 மீட்டர் பக்கத்தில். இதைச் சொன்னால் எல்லோரும் "ஏற்கெனவே எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே எதுக்கு, வீண்செலவு" என்பார்கள், கேட்காதீர்கள். வேரியோகிராமின் ஆரம்பப் பகுதியை, நக்கெட்டை, இந்த நெருங்கின ஜோடிகள்தான் தீர்மானிக்கும். சீரான கட்டத்தில் மட்டும் எடுத்தால் 100 மீட்டருக்குக் கீழே மண் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வழியே இல்லை. கடைசி 8 மாதிரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் சுற்று முடிவு வந்த பிறகு எங்கே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறதோ அங்கே எடுக்கலாம்.

எல்லாம் சேர்த்தாலும் 68-தான். மண்ணின் புவிப்புள்ளியியலில் பெரிய பெயர்களான ரிச்சர்ட் வெப்ஸ்டரும் மார்கரெட் ஆலிவரும் நம்பகமான வேரியோகிராமுக்கு 100 முதல் 150 மாதிரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் அது இருக்காது. பரவாயில்லை, ஆனால் ஆய்வேட்டில் அதை மறைக்காமல் எழுதுங்கள், திசைவாரியாகத் தனி வேரியோகிராம் என்றெல்லாம் ஆடம்பரம் வேண்டாம். மாதிரி குறைவாக இருக்கும்போது கட்டம் பிரித்துச் சராசரி எடுப்பதைவிட ரெம்ல் என்கிற மீப்பெரு நிகழ்தகவு வழியில் வேரியோகிராம் வளைவைப் பொருத்துவது நிதானமான விடை தரும், வழிகாட்டியிடம் கேட்டுப்பாருங்கள். கையடக்க எக்ஸ்ஆர்எஃப் எங்காவது இரவல் கிடைத்தால் நிலைமையே மாறும். ஒரு இடத்துக்கு ஒரு நிமிஷம், ஒரே நாளில் நூறு இடம் பார்க்கலாம், அதில் சிலவற்றை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பி இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். துல்லியம் குறைந்த நூறு எண், துல்லியமான முப்பது எண்ணைவிட வரைபடத்துக்கு உதவும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் அளவு குறைத்துக் காட்டும், அதனால் ஐப்பசி கார்த்திகை மழையில் போய் நிற்காதீர்கள், இல்லையென்றால் மண்ணை உலர்த்திப் பாருங்கள்.

மண் எடுக்கிற விதம். புகையில் வந்த ஈயம் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது, அதனால் கிளறாத தோப்பில் மேல் 5 செ.மீ. எடுத்தால் 300 வரும் இடத்தில் 30 செ.மீ. ஆழம் கலந்து எடுத்தால் 60 என்று வரலாம். வாழைக்குக் குழி வெட்டின இடம், மரச்சீனிக்கு மண் அணைத்த இடம், தென்னைக்குத் தடம் எடுத்த இடம் எல்லாம் மேலது கீழாகப் புரண்டிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே ஆழம், புரண்ட மண்ணா புரளாத மண்ணா என்று ஒரு குறிப்பு, இது இல்லாமல் எண்களை ஒப்பிடவே முடியாது. ஒரு இடம் என்றால் ஒரே குத்து இல்லை, ஒரு மீட்டர் சதுரத்தில் அஞ்சு குத்து எடுத்துக் கலந்து ஒரு பை. 2 மி.மீ. சல்லடை வழக்கம், குழந்தைகள் கையில் ஒட்டுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் 150 மைக்ரானுக்குக் கீழே உள்ள பொடியைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கையில் ஒட்டுவது அந்தப் பொடிதான், ஈயமும் அதில்தான் கூடுதலாக இருக்கும். பத்துக்கு ஒன்றாவது அதே பையிலிருந்து இரண்டாம் முறை, வேறு எண் ஒட்டி, ஆய்வகத்துக்கே தெரியாமல் அனுப்புங்கள். நக்கெட்டில் எவ்வளவு ஆய்வகப் பிழை, எவ்வளவு மண்ணின் குணம் என்று அப்போதுதான் பிரிக்க முடியும். போன் ஜிபிஎஸ் தென்னந்தோப்புக்குள் சில மீட்டர் தள்ளிக் காட்டும், 2 மீட்டர் ஜோடிகளுக்கு டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

போவதற்கு முன் அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். "எங்க வச்சுண்ணே ஒடச்சீங்க, தண்ணிய எங்க ஊத்துனீங்க, சாம்பல எங்க தட்டுனீங்க" என்று கேட்டால் ஒரு பெரியவர் கைநீட்டிக் காட்டுகிற மூலை உங்கள் பத்து மாதிரிக்குச் சமம். கசடை ரோட்டுப் பள்ளத்துக்கோ, யார் வீட்டு முற்றத்துக்கோ நிரப்பக் கொடுத்தார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அப்படிக் கொடுத்திருந்தால் 400 மீட்டர் தள்ளி ஒரு உயர்ந்த புள்ளி தனியாக நிற்கும், எந்த வேரியோகிராமும் அதை முன்கூட்டிச் சொல்லாது.

திசை முக்கியம். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் உலை எரிந்திருந்தால் கிழக்குப் பக்கம் நீள்வட்டமாகப் படிந்திருக்கும், அதனால் கிழக்கே தூரமாகவும் மேற்கே நெருக்கமாகவும் மாதிரி பரப்புங்கள். வாய்க்கால் இன்னொரு கதை. கசடு கரைந்து போன பாதை தண்ணீர் ஓடின பாதை, வாய்க்காலுக்கு அந்தக் கரையில் 10 மீட்டரில் இருக்கிற மேட்டு விளையைவிட இந்தக் கரையில் 150 மீட்டர் கீழே இருக்கிற வயல் அதிகமாக மாசுபட்டிருக்கலாம், நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டும் பார்க்கிற கணக்குக்கு இது தெரியாது. வாய்க்கால் வண்டலைத் தனிக் குழுவாக எடுத்து, ஓட்டத்தின் வழியே தூரம் அளந்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நல்ல பாடம் நெதர்லாந்தில் ஸ்டெய்ன் என்ற ஊர் அருகே மியூஸ் ஆற்றுச் சமவெளியில் எடுத்த தரவு, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இலவசமாகவே வருகிறது. 155 இடம், காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம். ஒவ்வொரு மாதிரியும் ஏறத்தாழ 15 மீட்டருக்கு 15 மீட்டர் பரப்பிலிருந்து கலந்து எடுத்தது, நம் கணக்கில் அஞ்சரை சென்ட். துத்தநாகம் 113 முதல் 1,839 வரை போகிறது. வெறும் மடக்கையை வைத்து வேரியோகிராம் போட்டால் ரேஞ்ச் 900 மீட்டர் அளவுக்கு வருகிறது. ஆற்றிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் பார்த்தால் சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மாசு என்பதால் அது அப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் இதுதான் வழி: கொட்டகையிலிருந்து தூரம், காற்றுத் திசை இரண்டையும் போக்காக வைத்து, மிச்சத்துக்கு மட்டும் கிரிகிங். உங்கள் சொந்தத் தரவைத் தொடுவதற்கு முன்னால் மியூஸ் தரவை முழுதாக ஒரு தடவை செய்து பழகுங்கள், ஆர் மென்பொருளின் ஜிஸ்டாட் தொகுப்பின் செய்முறை விளக்கத்தில் படிப்படியாக இருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம், இங்கேதான் பலரும் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கிரிகிங் மதிப்புப் படம் இயல்பாகவே உச்சங்களைக் கொஞ்சம் தட்டி, பள்ளங்களைக் கொஞ்சம் நிரப்பிக் காட்டும். அதை அப்படியே வைத்து "200-க்கு மேல் சிவப்பு, கீழே பச்சை" என்று வெட்டினால் 190 என்று மதிப்பிட்ட இடமெல்லாம் பச்சையாகிவிடும், அங்கே 200-ஐத் தாண்டுகிற வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருக்கும்போதே. கூடவே வருகிற கிரிகிங் மாறுபாட்டுப் படமும் போதாது, அது புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் வேரியோகிராமையும் மட்டுமே பார்க்கிறது, மதிப்பு தாறுமாறாக மாறுகிற இடத்துக்கும் அமைதியான இடத்துக்கும் ஒரே அளவு சந்தேகம் காட்டும். அதனால் வரம்பைத் தாண்டுகிற வாய்ப்பைக் காட்டுகிற நிகழ்தகவுப் படம் போடுங்கள். இதற்கு இன்டிகேட்டர் கிரிகிங் (வரம்பைத் தாண்டியது 1, தாண்டாதது 0 என்று மாற்றிவிட்டுச் செய்கிற கிரிகிங்) ஒரு வழி. எனக்குப் பிடித்தது சிமுலேஷன்: உங்கள் மாதிரி எண்களையும் வேரியோகிராமையும் மதிக்கிற 500 வெவ்வேறு படங்களைக் கணினி உருவாக்கும், ஒவ்வொரு இடத்திலும் 500-ல் எத்தனை படத்தில் வரம்பைத் தாண்டியது என்று எண்ணினால் அதுதான் நிகழ்தகவு. ஜிஸ்டாட்டிலேயே செய்யலாம்.

எந்த வரம்பு என்பதையும் படத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். கனடாவில் விவசாய நிலத்துக்கு ஈயம் 70, குடியிருப்புக்கு 140. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு மண்ணுக்குப் பல வருடம் 400 என்று வைத்திருந்தது, 2024 ஜனவரியில் 200 ஆக்கியது. அதே மண், அதே மாதிரி, வரம்பு மாறினால் படத்தில் எத்தனை வீடு சேர்ந்துவிடுகிறது என்று இரண்டு மூன்று வரம்புக்கும் போட்டுக் காட்டுங்கள். எத்தனை சதவீத நிகழ்தகவுக்கு மேல் "நடவடிக்கை தேவை" என்பது புள்ளியியல் கேள்வியே இல்லை. சுத்தமான மண்ணைத் தேவையில்லாமல் வெட்டி எடுத்தால் நஷ்டம் பணம். கெட்ட மண்ணைச் சுத்தம் என்று சொல்லிவிட்டால் நஷ்டம் ஒரு குழந்தையின் மூளை வளர்ச்சி. இரண்டும் சமமில்லை, அதனால் 50 சதவீதத்தில் கோடு போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. வீடுகள் இருக்கிற இடத்தில் 20 சதவீதம் தாண்டினாலே மறுமாதிரி எடுக்க வேண்டும் என்று நான் சொல்வேன், கையில் வைத்திருக்கிற அந்த 8 மாதிரி அங்கேதான் போக வேண்டும். இன்னொன்று, புள்ளிக்கு மதிப்பிடாமல் ஒரு வீட்டு வளாகத்தின் அளவுக்கு, அதாவது 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டமாக, பிளாக் கிரிகிங் செய்யுங்கள். 5 சென்ட் என்பது ஏறத்தாழ அதுதான், ஆட்கள் வாழ்வதும் குழந்தைகள் புழங்குவதும் அந்தப் பரப்பில்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிகிரி அலகில் இருக்கிற ஜிபிஎஸ் எண்களை அப்படியே கொடுக்காதீர்கள், இடத்தை மீட்டரில் குறிக்கிற யுடிஎம் முறையில் நம் மாவட்டம் 43 வடக்கு மண்டலம், அதற்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று வந்த மாதிரிகளைச் சுழியம் என்று போட்டால் மடக்கை எடுக்கவே முடியாது, தூக்கி எறிந்தால் சராசரி ஏறிவிடும், எல்லையில் பாதி என்று வைப்பது வழக்கம். ஒவ்வொரு மாதிரியாக எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்து அதை ஊகித்துப் பார்க்கிற குறுக்குச் சோதனையைச் செய்யுங்கள்; பிழையைக் கிரிகிங் திட்ட விலக்கத்தால் வகுத்தால் சராசரி சுழியத்துக்கும் மாறுபாடு 1-க்கும் பக்கத்தில் வர வேண்டும். மாறுபாடு 3 என்று வந்தால் உங்கள் படம் தன்னைப்பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கையாகப் பேசுகிறது. அதிக தூரக் கட்டங்களை நம்பாதீர்கள், பரப்பின் நீளத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம், ஒரு கட்டத்தில் 30 ஜோடிக்குக் கீழே இருந்தால் அதையும் நம்பாதீர்கள்.

கடைசியாக ஊர்க்காரர்கள். வண்ணப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், பச்சை என்றால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அதில் பாதிப் பச்சை "தெரியாது" என்று பொருள்படுகிற பச்சையாக இருக்கும். மாதிரி எட்டாத தூரத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள், அங்கே நிறமே வேண்டாம். எடுத்த புள்ளிகளை எண்ணோடு படத்தில் காட்டுங்கள். யார் வீட்டில் எடுத்தீர்களோ அவர்களுக்கு அவர்கள் வீட்டு எண்ணைத் தனித்தாளில் முதலில் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வழியாக அவர்களுக்குத் தெரியக்கூடாது. வீட்டு விலை விழும், பெண் கேட்டு வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்கிற பயம் அவர்களுக்கு உண்மையான பயம், அதை மதித்து நடந்துகொள்ளுங்கள். முடிவு உயர்ந்த வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மண் வரைபடம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதுவரை முற்றத்து வெறும் மண்ணைச் சல்லியோ புல்லோ போட்டு மூடுவது, வெளியே போன செருப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது, சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது, தரையைத் தூத்துத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைப்பது, இவற்றுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

மனு கொடுக்கிற வழியும் இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாளத் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேக இடத்தைப் பட்டியலிட்டுத் தெரிவிக்க வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதலில் மேலோட்டமாகவும் பிறகு விரிவாகவும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கதிரியக்கக் கழிவும் சுரங்க வேலையால் வருகிற மாசும் அந்த விதிக்குள் வராது, அதனால் மனுவில் கருமணல் விவகாரத்தைக் கலந்துவிடாதீர்கள், பேட்டரி ஈயத்தை மட்டும் எழுதுங்கள். உங்கள் படத்தைவிட மூல அட்டவணைதான் அங்கே பேசும்: இடம், ஆழம், தேதி, மண்வகை, ஆய்வக முறை, இரட்டை மாதிரிகளின் எண்கள். அந்த 28-க்கு இந்த நெடுவரிசைகளெல்லாம் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். விட்டுப்போனது எது என்று எழுதுங்கள் தம்பி, 40 புள்ளிகளை வரைபடத்தில் குறிப்பதற்கு முன்னால் அதைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.